செட்டிநாட்டு அலுவலகத்தில் மூன்று சர்வர்கள்: பகுப்பாய்வுக் கிளஸ்டர் நிறுவிப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியில் தலைமை அலுவலகமும், தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டை, சிவகங்கை என்று சுற்றுவட்டாரத்தில் கிளைகளும் வைத்து நடத்தும் ஒரு வணிக நிறுவனம், எல்லாக் கடைகளின் பில்களையும் ஓரிடத்தில் திரட்டி, எந்தச் சரக்கு எந்த ஊரில் எந்த மாதத்தில் நகர்கிறது, எது அலமாரியிலேயே தூங்குகிறது என்று பார்க்க நினைத்தால், பில் போடும் மென்பொருளோடு வரும் தரவுத்தளம் அதற்குப் போதாது. கடை நடக்கும் நேரத்தில் அதனிடம் மூன்றாண்டு விற்பனையைக் கூட்டச் சொன்னால் பில் போடுவதே தடுமாறும். அதற்கென்று தனியாக ஒரு பகுப்பாய்வுத் தரவுத்தளத்தை, ஒரு கணினி படுத்தாலும் வேலை நிற்காத வகையில், பல கணினிகளில் நிறுவிப் பராமரிப்பது எப்படி என்பதை இந்த வழிகாட்டி விளக்குகிறது. மென்பொருளாகக் கிளிக்ஹவுஸை எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாண்டெக்ஸ் நிறுவனத்தில் உருவாகி 2016ஆம் ஆண்டு திறமூலமாக வெளியிடப்பட்ட இந்தத் தரவுத்தளம், தரவை நெடுவரிசை வாரியாகச் சேமிப்பதால், கோடிக்கணக்கான வரிகளைக் கூட்டிப் பிரித்துச் சொல்லும் வேலையில் மிக வேகமானது. உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் கட்டளை கொடுத்துப் பழகியவர்கள் இதைப் பின்பற்றலாம்.

முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

பத்துக் கிளைகள், கிளைக்கு நாளொன்றுக்கு 800 பில், பில்லுக்குச் சராசரியாக 6 பொருள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 48,000 வரிகள் சேரும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1.75 கோடி, பத்தாண்டுக்கு 17.5 கோடி. கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், சுருக்கிச் சேமிக்கும்போது இது சில ஜிபிக்குள் அடங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள ஒரே ஒரு சர்வர் இதைச் சிரமமின்றித் தாங்கும். ஆகவே தரவைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல கணினிகளில் பரப்பும் ஷார்டிங் முறை இங்கே தேவையில்லை. விற்பனைக்கு வருபவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். பத்தாண்டுக்குள் தேவைப்படாத ஒன்றுக்கு இன்றைக்கே சிக்கலை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பல கணினிகள் ஒன்றாக இயங்கும் கிளஸ்டர் நமக்கு வேண்டியிருப்பது வேறொரு காரணத்துக்காக. ஒரு எஸ்எஸ்டி செத்தாலோ, பவர் சப்ளை புகைந்தாலோ, மென்பொருளைப் புதுப்பிக்க ஒரு கணினியை நிறுத்தினாலோ, மற்றொன்று அதே தரவோடு நின்று பதில் சொல்ல வேண்டும். இன்னின்ன பாகம் பழுதானால் இன்னின்னது நடக்கும் என்று முன்கூட்டியே தீர்மானித்து, அது அப்படியே நடக்கிறதா என்று சோதித்தும் வைத்திருந்தால்தான் அதைக் கிளஸ்டர் என்று சொல்லலாம். சோதிக்காமல் விட்ட மூன்று கணினிகளைவிட, ஒழுங்காகப் பேக்கப் எடுக்கப்படும் ஒற்றைக் கணினியே மேல்.

நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது: முழுத் தரவையும் ஆளுக்கொரு பிரதியாக வைத்திருக்கும் இரண்டு பெரிய சர்வர்கள், தரவு எதுவும் இல்லாமல் வாக்களிக்க மட்டும் இருக்கும் ஒரு சிறிய கணினி. இந்த மூன்றாவதை மிச்சம் பிடிக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பிரதிகளுக்கு இடையே ஒழுங்கைக் காக்கும் கீப்பர் என்னும் சேவை, ராஃப்ட் என்ற முறைப்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் உயிரோடு இருந்தால்தான் முடிவெடுக்கும். இரண்டு உறுப்பினர்கள் என்றால் பெரும்பான்மைக்கு இரண்டு பேருமே வேண்டும். ஒருவர் போனாலே எல்லாம் நின்றுவிடும், அதாவது ஒற்றைக் கணினியைவிட மோசமான நிலை. மூன்று என்றால் ஒன்றை இழக்கலாம். நான்கு என்றாலும் ஒன்றைத்தான் இழக்கலாம், ஏனென்றால் நான்கில் பெரும்பான்மை மூன்று. ஐந்து என்றால் இரண்டை இழக்கலாம். எனவே மூன்று அல்லது ஐந்து. நமக்கு மூன்று போதும்.

அறையும் மின்சாரமும்

பல நிறுவனங்களின் அலுவலகம் இங்கே பழைய வீடுகளிலேயே நடக்கிறது. அந்த வீடுகளின் தடித்த சுண்ணாம்புச் சுவர்கள் வெப்பத்தைத் தாங்குவது உண்மைதான். ஆனாலும் எல்லா அறையும் சர்வருக்கு ஏற்றதல்ல. மாடி அறை வேண்டாம், மொட்டை மாடி பகலெல்லாம் வாங்கிய வெயிலை இரவில் கீழே இறக்கும். முற்றத்தை நோக்கித் திறக்கும் அறையும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முற்றத்தில் விழும் தண்ணீரின் சாரலும் ஈரமும், கோடையில் செம்மண் புழுதியும் உள்ளே வரும். வீட்டின் இரண்டாம் கட்டு எனப்படும் உட்பகுதியில், தரைத்தளத்தில், வெளிச்சுவர் குறைவாக உள்ள உள்ளறைதான் சிறந்தது. சர்வர்களை அடுக்கும் ரேக்கை வாங்குமுன் அந்த அறையின் நிலைக்கதவை அளந்துவிடுங்கள். 42 யூ (ரேக் உயரத்தின் அலகு) ரேக் ஏறத்தாழ 2 மீட்டர் உயரம். உள்ளறைகளின் தாழ்ந்த நிலையிலும் உயர்ந்த வாசற்படியிலும் அது நுழையாது. மூன்று சர்வர்களுக்கு 15 அல்லது 18 யூ ரேக் தாராளம். தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால், ரேக்கின் சக்கரங்களை நேராக அதன்மேல் நிறுத்தாதீர்கள். முழுப் பாரமும் நான்கு புள்ளிகளில் விழுந்தால் கையால் செய்த அந்தக் கல் விரிந்துவிடும் என்பதால், அடியில் தடித்த பிளைவுட் பலகை ஒன்றைப் போட்டுப் பாரத்தைப் பரப்பிவிட வேண்டும். வழுவழுப்பாகப் பூசிய பழைய சுவரில் கேபிளுக்காகத் துளையிட்டால் அதே பூச்சை மீண்டும் பூச ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும். விட்டத்தை ஒட்டிக் குழாயில் கேபிளைக் கொண்டுபோனால் சுவரும் பிழைக்கும், எலியும் கடிக்காது. வலைப்பின்னல் ஸ்விட்சுகளின் பயன்படுத்தாத வாய்களையும் ரேக்கின் கேபிள் துளைகளையும் அடைத்துவிடுங்கள், பல்லியும் எறும்பும் கதகதப்பான இடத்தைத்தான் தேடி வரும்.

சர்வர் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். கத்திரி வெயிலில் அதைத் தக்கவைக்க ஒரு பெரிய ஏசியைவிட, மாறி மாறி ஓடும் இரண்டு சிறிய ஏசிகளே நம்பகமானவை. சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவது அறையின் வெப்பத்தை. நமக்கு வேண்டியதோ சர்வரின் முன்முகத்து வெப்பம், அதைச் சர்வரின் சொந்த உணரியிலிருந்தே எடுத்துக் கண்காணிக்கலாம்.

மின்சாரத்தில் முதலில் எர்த்திங்கைப் பாருங்கள். செட்டிநாட்டின் செம்பூரான் நிலம் கோடையில் காய்ந்து இறுகும்போது எர்த் குழியின் தடை ஏறும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பிறகே சர்வரை இணைக்க வேண்டும். பங்குனி முதல் ஆடி வரை எர்த் குழிக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுவதைப் பராமரிப்புப் பட்டியலிலேயே எழுதிவையுங்கள். சர்வருக்கு 200 வாட் வீதம் மூன்றுக்கு 600, ஸ்விட்சுக்கும் மற்றவற்றுக்கும் 50 என்று வைத்தால், 2 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் போதும். ஆனால் அது, மின்சாரம் போகும்போது இடைவெளியே விடாத ஆன்லைன் வகையாகவே இருக்க வேண்டும், வீட்டு இன்வெர்ட்டர் இந்த வேலைக்கு ஆகாது. ஜெனரேட்டர் இருந்தால், அதன் அதிர்வெண் ஏற்ற இறக்கத்தை யூபிஎஸ் ஏற்கிறதா என்று வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரிகளைப் படிக்கட்டுக்கு அடியில் தள்ளிவிடும் வழக்கம் உண்டு. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பதால் அவையும் குளிர்ந்த அறையில்தான் இருக்க வேண்டும்.

யூபிஎஸ்ஸை யூஎஸ்பி வழியாக ஒரு சர்வரில் இணைத்து, நட் என்னும் திறமூல மென்பொருளை மூன்றிலும் நிறுவுங்கள். பேட்டரி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் மூன்றும் தாமாகவே ஒழுங்காக நின்றுவிடும். ஏசி யூபிஎஸ்ஸில் ஓடாது என்பதை மறக்கக் கூடாது: மின்தடையின்போது பேட்டரி மீதமிருக்கும்போதே அறை சூடாகிவிடும். ஆகையால் வெப்பம் 35 டிகிரியைத் தொட்டாலும் நிறுத்தும் விதி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

கணினிகளும் இயங்குதளமும்

பெரிய சர்வர்கள் இரண்டுக்கும் 16 கோர், பிழை திருத்தும் வகை நினைவகம் 64 ஜிபி, ஒன்றுக்கொன்று நகலாக ஓடும் இரண்டு 2 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டிகள் என்று வைத்துக்கொண்டால் நிம்மதியாக இருக்கும். நாம் போட்ட கணக்குக்கு 32 ஜிபியும் போதும். பழைய சர்வர்களைச் சீரமைத்து விற்பவர்களிடம் வாங்கினால் அதன் பிராசஸரில் கிளிக்ஹவுஸுக்குத் தேவையான எஸ்எஸ்இ 4.2 கட்டளை வசதி உண்டா என்று பார்க்க வேண்டும், எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக வாங்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரியாக இருப்பது நல்லது. ஒன்று பலவீனமாக இருந்தால் மற்றது நிற்கும் நாளில்தான் அது தெரியவரும். வாக்களிக்கும் மூன்றாவது கணினிக்கு 4 ஜிபி நினைவகமும் நல்ல எஸ்எஸ்டியும் போதும். கீப்பர் ஒவ்வொரு முடிவையும் டிஸ்கில் எழுதி உறுதிசெய்த பிறகே நகரும் என்பதால், எஸ்டி கார்டில் ஓடும் சின்னஞ்சிறு போர்டுகளை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். இடையே 1 கிகாபிட் ஸ்விட்ச் போதும்.

பெயர் வைப்பதில் ஒரு சொல். 'முதன்மை', 'இரண்டாம் நிலை' என்று பெயரிட்டால், ஆறு மாதத்தில் பொறுப்புகள் மாறி, பெயர் பொய் சொல்லத் தொடங்கும். நகரத்தார் கோயில்கள் ஒன்பதின் பெயர்கள் இருக்கின்றன. மாத்தூர், நேமம், சூரக்குடி என்று மூன்றை எடுத்துக்கொண்டால் மாறவும் மாறாது, அலுவலகத்தில் யாருக்கும் மறக்கவும் மறக்காது. இனி இந்த வழிகாட்டியில் மாத்தூரும் நேமமும் தரவு சர்வர்கள், சூரக்குடி வாக்களிக்கும் கணினி. ஹோஸ்ட் பெயரில் ஆங்கில எழுத்து, எண், இணைகோடு தவிர வேறெதுவும் வேண்டாம்.

மூன்றிலும் உபுண்டு 24.04 சர்வர் பதிப்பை நிறுவி, நிலையான ஐபி முகவரி கொடுத்து, ஒவ்வொன்றின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் மூன்று பெயர்களையும் எழுதுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும், கணினி தன் பெயரையே 127.0.1.1 என்ற உள்முகவரிக்குக் காட்டும் வரி ஒன்று அந்தக் கோப்பில் இருக்கும். அதை நீக்கி உண்மையான ஐபியை எழுத வேண்டும். குரோனி வழியாக நேரத்தை ஒத்திசைத்து, எல்லாவற்றிலும் இந்திய நேரமண்டலத்தையே வையுங்கள். ஸ்வாப் வசதியை அணைத்துவிடுங்கள். தரவுப் பகுதிக்கு எக்ஸ்ட்4 கோப்பு முறை போதுமானது.

கீப்பர், பிறகு கிளஸ்டர்

கிளிக்ஹவுஸின் அதிகாரப்பூர்வத் தொகுப்புக் களஞ்சியத்தைச் சேர்த்து, மாத்தூரிலும் நேமத்திலும் முழு சர்வர் தொகுப்பையும், சூரக்குடியில் கீப்பர் தொகுப்பை மட்டும் நிறுவுங்கள். நீண்டகால ஆதரவுள்ள பதிப்புகள் ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சிலும் ஆகஸ்டிலும் வருகின்றன, பதிப்பு எண்ணில் .3 அல்லது .8 என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, லினக்ஸின் வழக்கமான புதுப்பிப்பு அதைத் தொடாதபடி பூட்டிவிட வேண்டும். மூன்றிலும் ஒரே பதிப்பாகவே இருக்க வேண்டும்.

பெரிய சர்வர்கள் இரண்டிலும் கீப்பரைத் தரவுத்தள சர்வருக்கு உள்ளேயே ஓட விடலாம். இதில் ஒரு குறை உண்டு: சர்வரை மறுதொடக்கம் செய்தால் அதிலுள்ள கீப்பரும் சேர்ந்தே மறுதொடக்கம் ஆகும். பெரிய நிறுவனங்கள் இதற்காகவே கீப்பருக்குத் தனிக் கணினிகளை ஒதுக்குகின்றன. ஒரு நேரத்தில் ஒரு சர்வரைத்தான் தொடுவோம் என்ற ஒழுக்கம் இருந்தால் நமக்கு இது போதும்.

கீப்பர் அமைப்பில் மூன்று உறுப்பினர்களின் பட்டியல் எல்லாக் கணினியிலும் ஒன்றாகவே இருக்கும். சர்வர் எண் மட்டும் மாத்தூரில் 1, நேமத்தில் 2, சூரக்குடியில் 3 என்று மாறும். கீப்பரைப் பயன்படுத்தும் மென்பொருள்கள் பேச 9181, உறுப்பினர்கள் தமக்குள் பேச 9234 ஆகிய போர்ட்டுகளைத் திறந்துவிடுங்கள். மூன்றையும் இயக்கிவிட்டு, ஒவ்வொன்றின் 9181 போர்ட்டுக்கும் 'ஆர்யூஓகே' என்ற நாலெழுத்துக் கட்டளையை அனுப்பினால் 'ஐயாம்ஓகே' என்று பதில் வர வேண்டும். 'எம்என்டிஆர்' என்று கேட்டால் ஒன்று தலைவர் என்றும் மற்ற இரண்டும் பின்தொடர்வோர் என்றும் சொல்லும். இந்தப் பதில் வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மேலே கட்டும் எதுவும் நிற்காது.

அடுத்து மாத்தூரிலும் நேமத்திலும் கிளஸ்டர் அமைப்பு. நிறுவியவுடன் கிளிக்ஹவுஸ் தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும்; உள் வலைப்பின்னல் முகவரியிலும் கேட்கும்படி மாற்ற வேண்டும். கிளையன்ட் மென்பொருள்களின் இணைப்புக்கு 9000, எச்டிடிபிக்கு 8123, பிரதிகள் தமக்குள் தரவைப் பரிமாற 9009. கிளஸ்டர் விளக்கத்தில் ஒரு ஷார்டு, அதற்குள் இரண்டு பிரதிகள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு சர்வரின் அடையாளத்தையும் சொல்லும் மேக்ரோக்கள் கோப்பில் ஷார்டின் பெயர் இரண்டிலும் ஒன்றே, பிரதியின் பெயர் மட்டும் அந்தந்தக் கணினியின் பெயர். ஒரு சர்வரின் அமைப்புக் கோப்புறையை அப்படியே மற்றதற்குப் படியெடுக்கும்போது இந்த ஒரு கோப்பும் சேர்ந்துபோய், இரண்டும் தன்னை மாத்தூர் என்றே சொல்லிக்கொள்ளும். இரண்டாவதில் அட்டவணை உருவாக்கும்போது அந்தப் பிரதி ஏற்கெனவே இருக்கிறது என்று பிழை வந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். அதேபோல, ஒவ்வொரு சர்வரும் மற்றதற்கு அறிவிக்கும் தன் முகவரியையும் அமைப்பில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் கணினியின் பெயரையே அறிவிக்கும். மற்ற சர்வருக்கு அந்தப் பெயர் விளங்காவிட்டால், பிழைச் செய்தி எதுவும் திரையில் காட்டாமல் பிரதி எடுப்பது மட்டும் வரிசையில் காத்துக் கிடக்கும்.

இந்த அமைப்புக் கோப்புகளையெல்லாம், மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்னும் கருவியில் வைத்து, பல கணினிகளை ஒரே சீராக அமைக்கும் ஆன்சிபிள் என்னும் கருவி வழியாகவே சர்வர்களுக்கு அனுப்புங்கள். இரண்டே சர்வர்தானே என்று கையால் திருத்தத் தொடங்கினால், எது எப்போது ஏன் மாறியது என்று ஓராண்டில் யாருக்கும் தெரியாமல் போகும்.

அட்டவணைகளும் தரவு வரவும்

பில் வரிகளுக்கான அட்டவணையை, பிரதிகளைத் தானே ஒத்திசைக்கும் 'ரெப்ளிகேட்டட் மெர்ஜ்ட்ரீ' என்னும் சேமிப்பு இயந்திரத்தில், கிளஸ்டர் முழுவதும் ஒரே கட்டளையில் உருவாக்குங்கள். ஒரே ஷார்டு என்பதால், பல ஷார்டுகளை ஒன்றாகக் காட்டும் 'டிஸ்ட்ரிபியூட்டட்' அட்டவணை வேண்டியதில்லை. எந்தப் பிரதியைக் கேட்டாலும் முழுப் பதில் கிடைக்கும். மாத வாரியாகப் பகுத்தால் போதும், நாள் வாரியாகப் பகுத்தால் சின்னச் சின்னக் கோப்புகள் பெருகி வேகம் குறையும். வரிசைப்படுத்தும் திறவுகோல்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது: நிர்வாகம் எப்போதும் கிளை, தேதி, பொருள் என்ற வரிசையில்தான் கேட்கும் என்றால், திறவுகோலும் அதே வரிசையில் இருக்கட்டும். பணத்துக்குத் தோராயமாகச் சேமிக்கும் 'ஃப்ளோட்' எண் வகை வேண்டாம், துல்லியமான 'டெசிமல்' வகையையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கணக்குப்பிள்ளை கையில் கூட்டும் தொகைக்கும் திரைக்கும் சில பைசா வித்தியாசம் வரும், அதற்குப் பிறகு அந்தத் திரையை அவர் நம்பவே மாட்டார். வாடிக்கையாளர் கைபேசி எண்ணை உள்ளபடியே ஏற்ற வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, விற்பனைப் பகுப்பாய்வுக்கு அந்த எண் தேவையே இல்லை; மீட்க முடியாத குறியீடாக மாற்றி ஏற்றினால் போதும்.

ஒவ்வொரு முறை தரவைச் செருகும்போதும் டிஸ்கில் ஒரு புதிய பகுதி உருவாகும், பின்னணியில் அவை மெல்ல ஒன்றாக இணைக்கப்படும். பில் ஒன்றுக்கு ஒரு செருகல் என்று அனுப்பினால், இணைக்கும் வேகத்தைவிடப் பகுதிகள் பெருகும் வேகம் அதிகமாகி, 'பகுதிகள் மிக அதிகம்' என்ற பிழையோடு சர்வர் தரவை மறுக்கத் தொடங்கும். ஒரு செருகலில் குறைந்தது ஆயிரம் வரிகளாவது இருப்பது நல்லது, பத்தாயிரம் என்றால் இன்னும் நல்லது. கிளைகளிலிருந்து வரும் பில்களைத் தலைமை அலுவலகத்தில் ஒரு சிறு நிரல் திரட்டி, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பட்டும்.

கிளையின் இணைய இணைப்பு இடையில் அறுந்தால், தரவு போனதா இல்லையா என்ற ஐயம் எழும். இங்கே இந்த இயந்திரம் ஓர் உதவி செய்கிறது: அண்மையில் ஏற்ற ஒரு தொகுதியை வரிகளும் வரிசையும் மாறாமல் மீண்டும் அனுப்பினால், அதை அடையாளம் கண்டு இரண்டாம் முறை சேர்க்காமல் விட்டுவிடும். ஆகவே திரட்டும் நிரல், அனுப்புமுன் தொகுதியைக் கோப்பாக எழுதிவைத்து, 'ஏற்றாயிற்று' என்ற பதில் வரும்வரை அதே கோப்பையே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் திரட்டினால் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது.

செருகல் இரண்டு பிரதியிலும் எழுதப்பட்ட பிறகே ஏற்க வேண்டும் என்று கோரும் 'குவாரம்' அமைப்பும் உண்டு. இரண்டே பிரதிகள் உள்ள இடத்தில் அதை இயக்கினால், ஒன்று நின்ற கணமே தரவு வரவும் நின்றுவிடும். எதற்காகக் கிளஸ்டர் கட்டினோமோ அதுவே வீணாகும். மூலத் தரவு கிளையின் பில் கணினியிலும் திரட்டும் நிரலின் கோப்பிலும் இருப்பதால், குவாரம் இல்லாமலே வைத்திருப்பதுதான் என் பரிந்துரை. அந்தக் கோப்புகளைப் பதினைந்து நாளாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

ரத்தான பில்லும் திருப்பி வந்த சரக்கும் அடுத்த கேள்வி. பழைய வரியைத் தேடித் திருத்துவது இந்த வகைத் தரவுத்தளத்துக்குப் பாரமான வேலை. இந்த ஊர்க் கணக்கெழுத்தில் பேரேட்டில் எழுதியதை அடித்துத் திருத்தாமல் எதிர்ப்பதிவு போட்டு நேர்செய்வதுபோலவே இங்கும் செய்யுங்கள்: ரத்தானதற்கு அளவும் தொகையும் எதிர்மறையாக ஒரு புதிய வரி, கூட்டினால் தானாகவே சரியாகிவிடும். எது எப்போது ரத்தானது என்ற தடயமும் மிஞ்சும்.

வாசல்களும் திரைகளும்

கிளஸ்டரை நேராக இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. கிளைகள் வயர்கார்டு விபிஎன் வழியாக மட்டுமே வரட்டும். 'டிஃபால்ட்' பயனருக்குக் கடவுச்சொல் வைத்து, உள்ளிருந்து மட்டும் நுழையும்படி கட்டுப்படுத்துங்கள். தரவு ஏற்றும் நிரலுக்கு ஒரு பயனர், அறிக்கைத் திரைக்குப் படிக்க மட்டும் உரிமையுள்ள இன்னொரு பயனர். அந்தப் படிப்பு மட்டும் பயனருக்கு ஒரு கேள்விக்கான நினைவகத்துக்கும் நேரத்துக்கும் உச்சவரம்பு கட்டாயம் வேண்டும். எல்லா ஆண்டையும் எல்லாப் பொருளையும் ஒருசேரக் கேட்கும் கேள்வி என்றாவது ஒரு நாள் வந்தே தீரும்.

கிளஸ்டருக்கு முன்னால், கேள்விகளைப் பிரித்தனுப்பும் ஹெச்ஏபிராக்சியை வைத்தால், திரைகள் ஒரே முகவரியைக் கேட்கும், அது உயிரோடுள்ள பிரதிக்கு அனுப்பும். நலம் கேட்க 8123 போர்ட்டின் 'பிங்' பாதையைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள். 'ரெப்ளிகாஸ் ஸ்டேட்டஸ்' என்ற பாதை இன்னும் மேலானது, ஏனென்றால் பிரதி பின்தங்கியிருந்தாலும் அது சொல்லிவிடும். உயிரோடிருந்தும் நேற்றைய கணக்கைக் காட்டும் சர்வர், செத்த சர்வரைவிட ஆபத்தானது. அறிக்கைத் திரைகளுக்கு அபாச்சி சூப்பர்செட் நன்றாகப் பொருந்துகிறது. அது தன் வரைபடங்களையும் பயனர்களையும் தனியே ஒரு தரவுத்தளத்தில் (பொதுவாகப் போஸ்ட்கிரெஸ்) வைத்திருக்கிறது. கோடி வரிகளைப் பத்திரமாகப் பேக்கப் எடுப்பவர்கள்கூட, மாதக்கணக்கில் உட்கார்ந்து அமைத்த திரைகள் இருக்கும் இந்தச் சின்னத் தரவுத்தளத்தை விட்டுவிடுவார்கள்.

மின்தடை நாளே சோதனை நாள்

உண்மையான தரவு வருமுன் ஒரு நாள் முழுக்க உடைத்துப் பாருங்கள். முதலில், தரவு ஏறிக்கொண்டிருக்கும்போதே நேமத்தின் மின்கம்பியைப் பிடுங்குங்கள். திரையில் ஒரு கேள்வி தோற்கலாம், அடுத்தது மாத்தூரிலிருந்து வர வேண்டும். அரை மணி கழித்து நேமத்தை எழுப்பி, சிஸ்டம் தரவுத்தளத்தில் உள்ள 'ரெப்ளிகாஸ்' அட்டவணையில் காத்திருப்பு வரிசையின் நீளமும் பின்னடைவு நொடிகளும் குறைந்து பூஜ்யத்துக்கு வருவதைப் பாருங்கள். பிறகு இரண்டிலும் மாத வாரியாக வரிகளை எண்ணி ஒப்பிடுங்கள். இரண்டாவதாக, கீப்பரின் தலைவர் எந்தக் கணினியோ அதை நிறுத்தி, சில நொடிகளில் புதிய தலைவர் வருகிறாரா என்று பாருங்கள். மூன்றாவதாக, சூரக்குடியையும் நேமத்தையும் சேர்த்தே நிறுத்துங்கள். இப்போது பெரும்பான்மை இல்லை. மாத்தூர் பழைய தரவைப் படித்துக் காட்டும், ஆனால் புதியதை ஏற்க மறுக்கும். இது கோளாறு அல்ல, இப்படித்தான் நடக்க வேண்டும். அந்த நேரத்தில் திரட்டும் நிரல் கோப்புகளைக் காத்து வைத்திருந்து, நேமம் திரும்பியதும் அனுப்புகிறதா என்பதே இங்கே சோதிக்க வேண்டியது.

அதன்பிறகு ஆண்டு முழுவதும் சோதிக்கத் தனியே நாள் தேட வேண்டாம். துணை மின்நிலையங்களில் பராமரிப்புக்காக அறிவித்துச் செய்யும் பகல்நேர மின்தடையின் தேதி முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். பேட்டரி தீர்ந்து மூன்றும் ஒழுங்காக நிற்கின்றனவா, மின்சாரம் வந்ததும் பயாஸ் அமைப்புப்படி தாமாக எழுகின்றனவா, கீப்பர் சேர்ந்த பிறகு அட்டவணைகள் எழுதும் நிலைக்குத் திரும்புகின்றனவா என்று அந்த நாளில் அருகில் இருந்து கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். யூபிஎஸ் பேட்டரி உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரியும், போன கோடையில் தாங்கிய நேரத்தை இந்தக் கோடைக்கு நம்ப முடியாது.

பேக்கப்

பிரதி இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: கிளஸ்டர் முழுவதும் அட்டவணையை நீக்கு என்று தவறிக் கட்டளையிட்டால் இரண்டு பிரதியும் ஒரே நொடியில் கீழ்ப்படியும். 50 ஜிபிக்கு மேற்பட்ட அட்டவணையை நீக்க விடாத தடுப்பு இயல்பாகவே உண்டு, ஆனால் நம் அட்டவணை அந்த அளவைத் தொடாது என்பதால் அந்த வரம்பை ஒரு ஜிபிக்குக் குறைத்து வையுங்கள். நீக்கிய அட்டவணையை 8 நிமிடத்துக்குள் 'அன்ட்ராப்' கட்டளையால் மீட்கவும் முடியும். அதை அறிந்தவர் அருகில் இருந்தால்தான் அது உதவும்.

வாரம் ஒருமுறை முழுப் பேக்கப், தினமும் இரவு அதன்மேல் மாற்றங்கள் மட்டும் என்று கிளிக்ஹவுஸின் சொந்த பேக்கப் கட்டளையிலேயே அமைக்கலாம். ஒன்று அலுவலகத்தில் தனி டிஸ்கில், ஒன்று தேவகோட்டைக் கிளையில், ஒன்று க்ளவுடில். அமைப்புக் கோப்புகளும் சூப்பர்செட்டின் தரவுத்தளமும் அதில் சேர வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பேக்கப்பை வேறொரு கணினியில் விரித்து, கடந்த மாத விற்பனைத் தொகையைக் கணக்குப் பிரிவின் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அன்றாடமும் ஆண்டும்

கிளிக்ஹவுஸ் 9363 போர்ட்டில் தன் அளவீடுகளைத் தரும்படி இயக்கி, புரோமிதியஸும் கிரஃபானாவும் கொண்டு கண்காணிக்கலாம். எச்சரிக்கைகளைக் குறைவாக வையுங்கள்: டிஸ்க் 75 சதவீதம் தாண்டியது, ஒரு பிரதி ஐந்து நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது, அட்டவணை எழுத முடியாத நிலைக்குப் போனது, வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது, பேக்கப் வரவில்லை. ஐந்துக்கு மேல் போனால் டெலிகிராமில் வரும் செய்திகளை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். கிளிக்ஹவுஸ் தன்னிடம் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் தன் சிஸ்டம் அட்டவணைகளில் பதிந்துகொண்டே போகும். அவற்றில் பலவற்றுக்கு ஆயுட்காலம் இயல்பாக வரையறுக்கப்படவில்லை. 30 நாள் என்று வரம்பு வைக்காவிட்டால் சில மாதங்களில் விற்பனைத் தரவைவிட இந்தப் பதிவுகளே அதிக இடம் பிடித்திருக்கும்.

பதிப்பு மாற்றம் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ போதும். மாற்றக் குறிப்புகளைப் படித்து, பேக்கப் எடுத்து, முதலில் சூரக்குடி, பிறகு நேமம், அது எட்டிப்பிடித்துப் பின்னடைவு பூஜ்யமான பிறகே மாத்தூர். இரண்டு பதிப்புகள் கலந்து ஓடும் நேரம் சில மணிகளைத் தாண்டக் கூடாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, முகூர்த்தம் நெருங்கும் வாரங்களில் எதையும் தொடாதீர்கள். மார்கழிதான் இதற்கு ஏற்ற மாதம், வெயிலும் இல்லை, கல்யாணமும் இல்லை.

ஒரு சர்வர் முற்றிலும் செத்துப்போனால், புதிய கணினிக்கு அதே பெயரையும் ஐபியையும் கொடுத்து, ஆன்சிபிளை ஓட்டி, உயிரோடுள்ள பிரதியிலிருந்து கீப்பரில் மிச்சமிருக்கும் பழைய பிரதியின் பதிவை 'ட்ராப் ரெப்ளிகா' கட்டளையால் நீக்கிவிட்டு, புதியதில் அதே அட்டவணைகளை உருவாக்கினால், தரவை அதுவே மற்றதிலிருந்து இழுத்துக்கொள்ளும். 1 கிகாபிட்டில் 500 ஜிபி நகர ஏறத்தாழ ஒன்றேகால் மணி ஆகும்; நம் அளவுக்குச் சில நிமிடம்தான். அந்த இடைவேளையில் ஹெச்ஏபிராக்சி அதற்குக் கேள்வி அனுப்பாதபடி விலக்கி வையுங்கள்.

கிளைகள் பெருகி, பில்லோடு இருப்பு அசைவுகளும் இணையவழி ஆர்டர்களும் சேர்ந்து, நினைவகத்தைக் கூட்டியும் கேள்விகள் மந்தமாகவே இருந்தால் அப்போது இரண்டாவது ஷார்டைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு மேலும் இரண்டு தரவு சர்வர்களும், எல்லாவற்றின் மேலும் ஒரு 'டிஸ்ட்ரிபியூட்டட்' அட்டவணையும் வேண்டும். புதிய ஷார்டைச் சேர்த்தவுடன் பழைய தரவு தானாகப் பாதிப் பாதியாகப் பிரிந்துகொள்ளாது. புதிதாக வருவது மட்டுமே இரண்டுக்கும் போகும். பழையதை மாதம் மாதமாக நாமே புதிய அட்டவணைக்கு மாற்றி எழுத வேண்டியிருக்கும் என்பதால், அதற்கான டிஸ்க் இடத்தையும், தரவு வரவை நிறுத்திவைக்கக்கூடிய ஒரு விடுமுறை நாளையும் முன்பே ஒதுக்கிக்கொண்டு தொடங்குங்கள்.